தங்கவயலும் காவிரியும்

தண்ணீரைப் பார்த்துக் கட்டிய ஊர்கள் உண்டு. எங்கள் பூதலூர் அந்த ரகம். வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு மதகு, மதகுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கோயில், கோயிலைச் சுற்றித் தெருக்கள் என்று ஊர் தானாகவே முளைத்துவிடும். யாரும் திட்டம் போட்டுக் கட்டியதாகத் தெரியாது. இதற்கு நேர்மாறான ஊர்களும் உலகத்தில் இருக்கின்றன. மனிதன் அங்கே குடியிருக்கலாமா, குடிக்கத் தண்ணீர் உண்டா, குளிரையும் வெயிலையும் உடம்பு தாங்குமா என்றெல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை. பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பார்கள். இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், அதன் தலைமேல் ஓர் ஊரைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

சைபீரியாவில் நோரில்ஸ்க் என்று ஒரு நகரம். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நிக்கலும் செம்பும் கிடைக்கிறது என்பதற்காக 1935-ல் சோவியத் சர்க்கார் கைதிகளைக் கொண்டுபோய் அங்கே இறக்கியது. அவர்கள் கட்டிய ஊரில் இன்று ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். தேசத்தின் மற்றப் பகுதிகளோடு அதை இணைப்பதற்கு ரயிலும் கிடையாது, சாலையும் கிடையாது. குளிர்காலத்தில் ஏறக்குறைய ஒன்றரை மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. ஸ்வீடனில் கிரூனா என்று இன்னோர் ஊர். அது இரும்புக்காகப் பிறந்தது. இரும்பைத் தோண்டத் தோண்ட ஊருக்கடியில் தரை ஆட்டம் கண்டுவிட்டது. ஆகவே ஊரையே பெயர்த்து வேறிடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அந்த ஊர்த் தேவாலயத்தை அப்படியே தூக்கிச் சக்கரங்களின்மேல் ஏற்றி ஐந்து கிலோமீட்டர் நகர்த்திக்கொண்டு போனார்கள். தேரோட்டம் பார்த்துப் பழகிய நமக்கு அது பெரிய அதிசயமில்லைதான். ஆனால் நம் தேர் நிலைக்குத் திரும்பி வந்துவிடும்.

இப்படிப்பட்ட ஊர் ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. நோரில்ஸ்குக்கு அந்நிய தேசத்தார் போவதென்றால் விசேஷ அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும், மார்கழிப் பனிக்கே காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்கிற நான் அங்கே போய் என்ன செய்வது? அப்போதுதான், அதே வம்சத்தைச் சேர்ந்த ஊர் ஒன்று பூதலூரிலிருந்து ஓர் இரவு ரயில் தூரத்தில் இருப்பது ஞாபகத்துக்கு வந்தது. கோலார் தங்கவயல். அங்கே பனி கிடையாது. சீதோஷ்ணம் வெள்ளைக்காரனுக்குப் பிடித்துப்போய் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வைக்கும் அளவுக்குச் சுகமானது. ஆனால் பிறந்த கதை ஒன்றுதான்.

போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தஞ்சாவூர்க்காரனைப் பார்த்து உனக்கு எதிரி யார் என்று கேட்டால், கண்ணம்பாடி என்பான். கிருஷ்ணராஜ சாகரம் என்று மரியாதையாக முழுப்பெயர் சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. ஆனி மாதம் பிறந்துவிட்டால் டீக்கடைப் பெஞ்சில் முதல் கேள்வி, "மேட்டூர் எத்தனை அடி?" அடுத்த கேள்வி, "கண்ணம்பாடி ரொம்பிடுச்சா?" அந்த அணையை எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "வேறெதுக்கு? மண்டியாவிலே கரும்பு போடத்தான்" என்று பதில் வரும். அது பாதி நிஜம். மற்றப் பாதி கோலாரில் இருக்கிறது.

இரவு ரயிலில் கிளம்பினேன். குளித்தலைப் பக்கத்தில் காவிரி கூடவே வரும் என்பது தெரியும். இருட்டில் ஈரக்காற்றுதான் தெரிந்தது. ஈரோட்டுக்கு அப்பால் பாலத்தின்மேல் ஆற்றைக் கடந்தோம். அதோடு காவிரியை விட்டாயிற்று என்று எண்ணிக்கொண்டு தூங்கிப்போனேன். கண் விழித்தபோது இரண்டு பக்கமும் பாறையும் கரடும். இறங்கிய ஊர் பங்காருப்பேட்டை. மைசூரை நிர்வகித்த பௌரிங் துரையின் பெயரால் பௌரிங்பேட்டை என்று வைத்தார்கள். ஜனங்கள் வாயில் அது பங்காருப்பேட்டை ஆகிவிட்டது. பங்காரு என்றால் தெலுங்கில் தங்கம். துரையை விடத் தங்கத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்று ஜனங்கள் முடிவு செய்தது நியாயமே.

அங்கிருந்து மாரிகுப்பம் வரை பத்து மைலுக்கு ஒரு கிளைப்பாதை. 1894-ல் சுரங்கத்துக்காகவே போட்டது. அந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷனின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோரமண்டல்! நம் சோழமண்டலத்தைத்தான் வெள்ளைக்காரர்கள் கடற்கரையில் கோரமண்டல் ஆக்கினார்கள். கடல் வாசனையே இல்லாத இந்தக் கரட்டுப் பூமியில் ஒரு சுரங்கக் கம்பெனி அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டதால் ஸ்டேஷனுக்கும் வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் பெயர் அவ்வளவு தப்பு என்றும் சொல்வதற்கில்லை. கோலாருக்குப் பழைய பெயர் குவளாலம். பதினோராம் நூற்றாண்டில் அது சோழர் கையில் இருந்தது. இந்தச் சீமைக்கு நிகரிலி சோழ மண்டலம் என்றே பெயர். கோலாரம்மன் கோயிலில் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்களை இன்றும் பார்க்கலாம். கம்பெனிக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்தப் பூமியில் தங்கம் இருப்பது பழங்காலத்திலேயே ஜனங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்தது 1802-ல். திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூரின் எல்லையை அளப்பதற்கு வாரன் என்ற லெப்டினென்ட் வந்தார். ஊரிகம் கிராமத்துப் பக்கத்தில் தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, எடுத்துக் காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்தார் வண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, பெண்களைக் கொண்டு அவர் எதிரிலேயே அலசிக் காட்டினார்கள். அடியில் பொன்துகள் நின்றது. மாரிகுப்பத்தில் முப்பது நாற்பது அடி ஆழக் குழிக்குள் ஆட்கள் இறங்கி, கல்லை வெட்டிக் கூடையில் கைமாற்றி மேலே அனுப்புவதையும், பெண்கள் அதைப் பாறைமேல் வைத்து இடித்துப் பொடியாக்குவதையும் அவர் பார்த்து எழுதிவைத்தார். எழுதிவைத்ததோடு சரி. எழுபது வருஷம் அது ஏட்டிலேயே கிடந்தது.

1871-ல், நியூஸிலாந்து யுத்தத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பங்களூரில் வந்து தங்கியிருந்த லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் புறப்பட்டார். 1875-ல் சமஸ்தானத்திடம் உரிமை வாங்கினார். கையில் பணமில்லாத மனிதர். உரிமை கைமாறிக் கைமாறி, 1880-ல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்து சேர்ந்தது. முதலில் அவர்களுக்கும் ஒன்றும் அகப்படவில்லை. மூட்டை கட்டிவிடலாமா என்று பங்குதாரர்கள் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், பழங்காலத்தார் தோண்டி விட்டுப்போன குழிகளுக்குக் கீழேயே இறங்கிப் பார்த்தபோது ரேகை அகப்பட்டது. பல மைல் நீளத்துக்கு ஓடும் வெள்ளைக் கல் ரேகை. சாம்பியன் ரீஃப் என்று அதற்குப் பெயர். பிறகு நடந்த வேகத்துக்கு ஒரு கணக்கே போதும். 1901 ஜனத்தொகைக் கணக்கில், இருபது வருஷத்துக்கு முன் வெறும் கரடாகக் கிடந்த இடத்தில் 38,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

யார் இந்த ஜனங்கள்? யந்திரம் பார்க்க இங்கிலாந்தின் கார்ன்வால் சீமையிலிருந்து பரம்பரைச் சுரங்கக்காரர்கள் வந்தார்கள். கீழே இறங்கிக் கல்லை உடைக்க வந்தவர்கள் நம்மவர்கள். வடஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை நாம் பாட்டிமார் கதையாகக் கேட்டிருக்கிறோம். அந்தப் பஞ்சத்தில் மிஞ்சியவர்களின் பிள்ளைகள்தான் ஆண்டையின் களத்தை விட்டுச் சுரங்கத்தின் வாயை நோக்கி நடந்தார்கள். எங்கள் ஜில்லாவில் அதே மாதிரி ஜனங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் மலாயாவுக்கும் போனார்கள். நிலம் இல்லாதவனுக்கு ஆறு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பதை டெல்டாக்காரர்கள் நாங்கள் சுலபமாக மறந்துவிடுகிறோம். வந்தவர்களுக்கு மூங்கில் தட்டி வைத்த குடிசைகளை வரிசை வரிசையாகப் போட்டுக் கொடுத்தார்கள். அவற்றுக்கு 'லைன்' என்று பெயர். தட்டி போய்ச் சுவர் வந்தபிறகும் லைன் என்ற பெயர் போகவில்லை.

இனி நான் எதற்காகப் போனேனோ அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சுரங்கம் முதலில் நீராவியில் ஓடியது. நிலக்கரியை வெகுதூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். செலவு தாங்கவில்லை. அப்போது மைசூரில் திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர். அவரிடம் டி லாட்பினியர் என்று ஓர் இஞ்சினீயர் இருந்தார். பெயர்தான் பிரெஞ்சு, ஆள் கனடாவில் பிறந்து பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தவர். சிவசமுத்திரத்தில் காவிரி விழுகிறதே, அந்த வேகத்தில் மின்சாரம் எடுத்து 92 மைல் கம்பியில் கோலாருக்கு அனுப்பலாம் என்று அவர் சொன்னார். அந்தக் காலத்தில் உலகத்திலேயே அவ்வளவு தூரம் மின்சாரம் போன இடங்கள் வெகு சில. 1902 ஜூன் 30-ஆம் தேதி காவிரியின் பலம் தங்கவயலில் யந்திரங்களைச் சுற்றத் தொடங்கியது. அதைப் பார்க்கச் சேஷாத்ரி ஐயர் உயிரோடு இல்லை. முந்திய வருஷமே காலமாகிவிட்டார். பங்களூர் நகரத்துக்கு விளக்கு வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. நம் மேட்டூரில் அதே காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்தது 1937-ல். எங்கள் பாட்டனார்கள் ஆமணக்கெண்ணெய் விளக்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய ஆறு கோலாரில் பாதாளத்துக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கோடையில் ஆறு மெலிந்தால் மின்சாரமும் மெலியும். சுரங்கத்துக்கோ கோடை மழை என்ற வித்தியாசம் கிடையாது. காற்றடிக்கவும் நீரிறைக்கவும் கூண்டை ஏற்றி இறக்கவும் ஒருநாள் தவறாமல் மின்சாரம் வேண்டும். வருஷத்துக்கு வருஷம் அதிகமாகவும் வேண்டும். ஆற்றை எங்காவது மேலே தேக்கி வைத்துக்கொண்டு அளவாக விட்டால்தான் அது முடியும். 1909-ல் தலைமை இஞ்சினீயராக வந்த விசுவேசுவரய்யா கண்ணம்பாடியில் அணை என்றார். பாசனம் அவர் மனத்தில் இருந்தது வாஸ்தவம். ஆனால் பாசனத்தில் வரி வருவதற்கு வருஷங்கள் ஆகும். சுரங்கக் கம்பெனியோ மின்சாரத்துக்கு ரொக்கமாகப் பணம் தரும் வாடிக்கைக்காரன். கஜானாவைப் பார்த்துப் பயந்தவர்களுக்குச் சமாதானம் சொல்ல அதைவிட நல்ல வாடிக்கைக்காரன் கிடைக்க மாட்டான். 1911-ல் வேலை ஆரம்பமாயிற்று.

அப்போது சென்னை சர்க்கார் கையை நீட்டி மறித்தது. 1892-ல் செய்த உடன்படிக்கைப்படி, குறிப்பிட்ட ஆறுகளில் சென்னையின் சம்மதமில்லாமல் மைசூர் புதிதாக அணை கட்டக் கூடாது. 11 டி.எம்.சி. தேக்கும் சின்ன அணை என்றால் சரி என்று சென்னை சொல்லிற்று. மைசூர் அதைப்போல் நாலு பங்குக்குக் கிட்டத்தட்டத் தேக்கும் அணைக்கான அகலத்தில் அஸ்திவாரத்தைப் போட்டுவிட்டது. வேலிக்குக் கால் நடும்போதே வீட்டுக்கும் சேர்த்து நட்டுவிடுகிற சாமர்த்தியம்! மத்தியஸ்தம் வைத்தார்கள். 1914-ல் வந்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகம். சென்னை லண்டன்வரை போய் முறையிட்டு, 1919-ல் அந்தத் தீர்ப்பைத் தள்ளச் செய்தது. கடைசியில் 1924 பிப்ரவரி 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கண்ணம்பாடி அவர்களுக்கு, மேட்டூர் நமக்கு. மேட்டூர் அணை 1934 ஆகஸ்டு 21-ல் திறந்தது. அதோடு கல்லணையிலிருந்து ஒரு புதிய கால்வாய் வெட்டி, அதுவரை வானம் பார்த்துக் கிடந்த நிலம் உட்பட சுமார் மூன்று லட்சம் ஏக்கருக்குப் புதிதாகப் பாசனம் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் புது ஆறு என்று பெயர்.

அந்தப் புது ஆற்றில்தான் நான் நீச்சல் கற்றுக்கொண்டேன். காவிரி வழக்கு நெல்லுக்கும் கரும்புக்கும் நடுவே பிறந்த சண்டை என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தங்கவயலுக்கு விளக்கெரிக்கக் கேட்ட மின்சாரமும் அந்தச் சண்டைக்குத் தாய்களில் ஒருத்தி. சுரங்கம் இல்லாவிட்டால் மைசூர்க்காரர்கள் அணையே கட்டியிருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். என்றாவது கட்டியிருப்பார்கள். ஆனால் 1911-ல் அந்த அவசரம் தங்கத்தின் அவசரம். அந்த அவசரத்தின் இன்னொரு முனையில்தான் நமக்கு மேட்டூரும் புது ஆறும் வந்தன.

இன்னொரு வேடிக்கை. தங்கவயல் யந்திரத்துக்குக் காவிரி என்றால், குடிக்கப் பாலாறு. பேத்தமங்கலத்தில் பாலாற்றை மறித்த ஏரியிலிருந்துதான் ஊருக்குக் குடிநீர் வந்தது. அந்தப் பாலாறு கீழே இறங்கி எங்கே போகிறது? வடஆர்க்காட்டுக்கு. தண்ணீர் கீழே போக, தண்ணீரில்லாத ஜனங்கள் மேலே வந்தார்கள்.

மாரிகுப்பத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். எழுபதைத் தாண்டியவர். பாட்டனார், தகப்பனார், அவர் என்று மூன்று தலைமுறை கூண்டில் இறங்கிய குடும்பம். தமிழில் வடஆர்க்காட்டு வாடையும் கன்னட வாடையும் கலந்து வீசியது. சாம்பியன் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கு மேல் ஆழம். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணம் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும்.

"கல்லைத் தொட்டா சுடும் சார்" என்றார் பெரியவர். "அத விட பாறை வெடிக்கறதுதான் பயம். நாம மருந்து வெச்சு வெடிக்கறது இல்ல. அதுவா வெடிக்கும். கீழ வெடிச்சா மேல எங்க லைன்ல பாத்திரம் உருளும். உடனே பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்டாண்ட ஓடிடுவாங்க. யாரு வூட்டு ஆளோன்னு."

மேலே இருக்கும் பாறையின் பாரம் தாங்காமல், தோண்டின இடத்தில் சுவர் குண்டுபோலச் சிதறும். அதற்குத்தான் பாறைவெடிப்பு என்று பெயர். அதில் செத்தவர்கள் ஒருபுறம். கல்தூசி நுரையீரலில் படிந்து இருமி இருமிச் செத்தவர்கள் இன்னொருபுறம். "நீங்கள் தங்கத்தைக் கண்ணால் பார்த்ததுண்டா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கல்லுல அது கண்ணுக்குத் தெரியாது சார். மில்லுல அரைச்சு, மருந்துல கரைச்சு எடுக்கணும். எம் பொண்ணு கல்யாணத்துக்கு நகை எடுத்தப்பதான் கையால தொட்டேன். கடன் வாங்கி எடுத்தது."

ஒரு டன் கல்லை உடைத்தால் கிடைப்பது சில கிராம். அப்படி நூற்றிருபது வருஷத்தில் இந்த வயல் சுமார் 800 டன் தங்கம் கொடுத்திருக்கிறது. லாபம் லண்டனுக்குப் போயிற்று. ராயல்டி மைசூர் கஜானாவுக்குப் போயிற்று. மைசூரை மாதிரி சமஸ்தானம் என்று எல்லோரும் புகழ்ந்ததற்கு இந்தப் பணத்துக்கும் பங்குண்டு. நோரில்ஸ்கில் சூரியன் வராதது வருஷத்துக்கு ஒன்றரை மாதம். இவர்களுக்கு நாள்தோறும் ஒரு ஷிஃப்டு நேரம், மூன்று தலைமுறை.

ஆனால் இந்த ஜனங்கள் வாயில்லாப் பூச்சிகளாக இருந்துவிடவில்லை. அதுதான் எனக்கு இந்த ஊரில் பிடித்த விஷயம். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் 1907-லேயே மாரிகுப்பத்தில் கிளை கண்டது. கூண்டில் ஏறி இறங்கிய கூலிகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சங்கம் நடத்தினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், புத்தகம் அச்சிட்டார்கள். பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு, அவருடைய நூல்கள் பல இந்தத் தங்கவயலில்தான் அச்சேறின. அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகையை 1926-ல் அப்பாதுரையார் இங்கிருந்து மறுபடி நடத்தினார். சென்னையிலும் தஞ்சாவூரிலும் தமிழ் வளர்த்தவர்களின் பட்டியலைப் போடும்போது இந்த லைன்களை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தொழிலாளிகளைத் திருடர்களாகப் பார்ப்பது கம்பெனிக்குப் பழக்கம். தங்கம் அல்லவா? 1930-ல் எல்லோரும் கைரேகை பதிந்துதான் வேலைக்கு வர வேண்டும் என்றபோது, நாங்கள் என்ன கைதிகளா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். கைதிகளைக் கொண்டே கட்டிய ஊரைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். இங்கே கூலிகள் தாங்கள் கைதிகள் அல்ல என்பதற்காகவே போராட வேண்டியிருந்தது.

இந்த ஆழம் விஞ்ஞானிகளுக்கும் உதவியது. நியூட்ரினோ என்று ஓர் அணுத்துகள். எதையும் துளைத்துக்கொண்டு போகும், எதிலும் அகப்படாது. ஆகாயத்திலிருந்து வரும் மற்றத் துகள்களின் இரைச்சலுக்கு நடுவே அதைப் பிடிக்க முடியாது. ஒன்றரை மைல் பாறையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பிடிக்கலாம். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார், ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1965-ல் இங்கே அதைப் பிடித்தார்கள். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகத்தில் முதன்முதலாகக் கண்டவை இந்தச் சுரங்கமும், அதே வருஷம் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கமும்தான். பெரியவரிடம் இதைச் சொன்னேன். "ஆமா, கீழ பெட்டி பெட்டியா வெச்சிருந்தாங்க. பக்கத்துல போகாதேன்னுவாங்க" என்றார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1956-ல் மைசூர் சர்க்கார் சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய சர்க்கார். 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் மாறியது. ஆழம் கூடக் கூடத் தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஒருகாலத்தில் முப்பதாயிரம் பேர் வரை வேலை பார்த்த இடத்தில் அன்று மிஞ்சியிருந்தவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு.

நெல்வயலுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு வருஷம் பொய்த்தால் மறு வருஷம் விதைக்கலாம். தங்கவயலில் ஒரே ஒரு அறுவடைதான். அது நூற்றிருபது வருஷம் நடந்தது. அறுத்த பிறகு மிஞ்சிய வைக்கோல்போர் மாதிரி, ஊரைச் சுற்றி வெளிறிப்போன மணல்மேடுகள் நிற்கின்றன. கல்லைப் பொடியாக்கி, சயனைடில் கரைத்துத் தங்கத்தை எடுத்தபின் கொட்டிய கழிவு. சயனைடு மலை என்கிறார்கள். புல் முளைப்பது அபூர்வம். காற்றடித்தால் தூள் பறந்து வந்து லைன்களின் கூரையிலும் உலையிலும் விழுகிறது. 2018-ல் இந்த ஊரின் பெயரிலேயே வந்த கன்னட சினிமாவை இந்த மேடுகளில்தான் பிடித்தார்கள். படம் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்க வருகிறவர்கள் மேட்டின்மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஊர் காலியாகிவிடவில்லை. போவதற்கு வேறு ஊர் இல்லையே. வடஆர்க்காட்டில் பாட்டனார் விட்டுவந்த கிராமத்தில் அவர்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. ஆகவே விடியற்கருக்கலில் மாரிகுப்பத்தில் கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். தங்கம் ஏற்றுவதற்குப் போட்ட பாதை இப்போது ஆட்களை ஏற்றுகிறது. 1991-ல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி டிசம்பரில் பங்களூரில் கலகம் மூண்டு தமிழர்கள் தாக்கப்பட்டபோது, பங்களூரில் வேலை பார்த்த தங்கவயல்காரர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று பெரியவரைக் கேட்டேன்.

"வாயத் தொறக்காம ஒக்காந்திருப்போம் சார். தொறந்தா தமிழு வந்துடுமே" என்றார். சற்று நேரம் கழித்து, "நீங்க தண்ணி கேக்கறீங்க, நாயந்தான். ஆனா நீங்க கேக்கும்போதெல்லாம் இங்க நாங்க கதவச் சாத்திக்கணும்" என்றார்.

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. மழை வந்தால் நனைவோம் என்பதுபோலத்தான் சொன்னார். நான் எந்த ஊர் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கண்ணம்பாடித் தண்ணீர் வரவேண்டும் என்று நாங்கள் கேட்பது நியாயம்தான். அந்த அணையைக் கேட்ட சுரங்கத்தில் மூன்று தலைமுறை உழைத்தவர் என் பாஷை பேசுகிறவர். அவருக்கு அந்த ஆற்றில் ஒரு செம்புத் தண்ணீரும் கிடையாது. தங்கத்தில் ஒரு குண்டுமணியும் கிடையாது.

சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் அடியில் கொண்டுபோய்க் காட்டினார். வாயை மூடியிருந்தார்கள். சுரங்கம் ஓடியவரை உள்ளே ஊறும் நீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருப்பார்களாம். மூடியதும் பம்புகள் நின்றன. நீர் மெல்ல மெல்ல ஏறி, பாட்டனார் காலத்திலிருந்து தோண்டிய குடைவுகளையெல்லாம் நிரப்பிவிட்டது.

"இப்ப உள்ள பூரா தண்ணிதான்" என்றார்.

திரும்பி வரும் வழியில் லைன் முனையில் ஒரு தெருக்குழாய். அதிலிருந்து சுவரோரமாக முப்பது நாற்பது பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக வைத்திருந்தன. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று அங்கே உட்கார்ந்திருந்த அம்மாளைக் கேட்டேன். "வர்றப்ப வரும் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் குடத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.